கோழிக்குக் கிடைத்த குளிர்

1833 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் கல்கத்தாவை நோக்கிப் பாய்விரித்தது. அதில் ஏற்றியிருந்த சரக்கு 180 டன் பனிக்கட்டி. மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பாளங்களை அறுத்தெடுத்து, மரத்தூளில் புதைத்து, பூமத்தியரேகையை இரண்டு முறை கடந்து, வெயில் தேசத்தில் கொண்டுபோய் விற்கலாம் என்று நம்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு அவர் அனுப்பிய முதல் சரக்கு, இறக்கிவைக்கக் கிடங்கு இல்லாமல் கரைந்துபோயிருந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போய் வந்திருந்தார். இந்தக் கப்பலும் வெறும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தால் அத்தோடு அவர் கதை முடிந்தது.

செப்டம்பரில் கல்கத்தாவில் கப்பலின் சரக்கறையைத் திறந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் மிஞ்சியிருந்தது. டியூடர் பிழைத்துக்கொண்டார். 1842-ல் சென்னைக் கடற்கரையிலும் அவருக்கு ஒரு கிடங்கு எழுந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நிற்க, மசூலா படகுகள் அலைகளில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரை சேர்த்தன. ஐஸ் ஹவுஸ் என்று ஊரே அழைத்த அந்த வட்டக் கட்டடத்தில்தான் பின்னாளில், 1897-ல், விவேகானந்தர் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். டியூடரின் காலத்தில் அங்கிருந்து போன பனிக்கட்டி துரைமார்களின் கோப்பைகளுக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும் போனது. வாசலில் உட்கார்ந்து பங்காக் கயிற்றை இழுத்தவருக்கு அதில் ஒரு துண்டும் இல்லை. குளிர்ச்சி யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை அன்றே தொடங்கிவிட்டது. அந்த வரிசையின் கடைசி ஆள் இன்னும் 180 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1870-களில் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் வந்தன. கப்பல் பனிக்கட்டி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் அந்த வியாபாரம் ஓர் அளவுகோலை விட்டுச் சென்றது. 2,000 பவுண்டு எடையுள்ள ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுதாக உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுகிறதோ, அதுவே குளிரூட்டலின் ‘ஒரு டன்’ ஆயிற்று. மின் கணக்கில் சொன்னால் சுமார் 3.5 கிலோவாட். வீட்டு ஏசியை ஒரு டன், ஒன்றரை டன் என்று கேட்டு வாங்குவதெல்லாம் இந்தக் கணக்கில்தான். அளவுகோல் தயார், எதை அளப்பது என்பதைத்தான் ஓர் அச்சகம் காட்ட வேண்டியிருந்தது.

1902 கோடையில் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் தவித்துக்கொண்டிருந்தது. வண்ணப் படங்களை ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறமாக அச்சிட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரிந்தது, குறைந்தால் சுருங்கியது, நிறங்கள் விலகின. 25 வயதான வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி அதிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக வடித்துவிடும் ஏற்பாட்டை வரைந்து கொடுத்தார். இன்றைய ஏசியின் பிறப்பு அதுதான். அந்த முதல் இயந்திரம் தாளைக் காப்பாற்றப் பிறந்தது. அறையில் வேலை செய்தவர்களின் உடம்பு குளிர்ந்தது உபரி. அடுத்து மனிதர்கள் முறை என்று எண்ணத் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு நச்சு வாயு நின்றது.

குளிர்ப்பெட்டிகளுக்குள் அப்போது ஓடியவை அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் அப்படிப் பலர் இறந்தார்கள். கதவு சாத்திய ஒரு சின்னக் காருக்குள் அந்த வாயுவை வைக்க யாருக்கும் துணிவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தச் சிக்கலைத் தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம் ஒப்படைத்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டவர் அவர். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மேடையேறிய மிட்ஜ்லி, புதிய வாயு ஒன்றை நெஞ்சு நிறைய இழுத்தார். அரங்கம் மூச்சடக்கிப் பார்த்தது. நிதானமாக வெளியே ஊதினார். எதிரே எரிந்த மெழுகுவர்த்தி அணைந்தது. நச்சும் இல்லை, தீப்பிடிக்கவும் இல்லை. ஃப்ரியான் என்று பெயரிட்ட அந்த வாயுவை உலகம் கொண்டாடியது. அது வானத்தில் என்ன செய்யும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப்போகிறவர்களில் ஒருவர் அப்போது பிறக்கவே இல்லை.

இந்தியாவில் இதற்குள் வேறொரு குறுக்குவழி ஓடத் தொடங்கியிருந்தது. 1934-ல் பம்பாய்க்கும் பெஷாவருக்கும் இடையே போன ஃபிரான்டியர் மெயிலில், பெட்டியின் தரைக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்களை அடுக்கி, அவற்றின் மேல் காற்றை ஊதிப் பயணிகளுக்கு அனுப்பினார்கள். உருக உருக வழி நிலையங்களில் புதுப் பாளம் ஏற்றினார்கள். முதல் வகுப்புக்காரர்கள் வெயிலை மறந்தார்கள். எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்கள் உலைக்கு முன்னால்தான் நின்றார்கள். ஓடும் வண்டியில், பனிக்கட்டியே இல்லாமல் குளிரை உண்டாக்கும் வழி வேண்டும். அதற்கு ஒரு லாரி நிறையக் கோழிகள் பலியாக வேண்டியிருந்தது.

1938-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் லாரி கம்பெனி நடத்திய ஒருவர், கோழி இறைச்சி ஏற்றிய லோடு வெயிலில் கெட்டுப்போனதைச் சொல்லிப் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஜோசப் நுமெரோ. சினிமா ஒலிக்கருவிகள் விற்பவர். லாரியைக் குளிர்விக்க ஓர் இயந்திரம் செய்து தருவதாகப் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். நிஜமாகவே ஒரு லாரி அவர் வாசலில் வந்து நின்றது. நுமெரோவுக்குக் குளிரூட்டல் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய பட்டறையில் இருந்தார்.

அவர் ஃபிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ். கறுப்பினத்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். பள்ளிப்படிப்பை ஆறாம் வகுப்போடு விட்டவர். கார் பட்டறைகளில் எண்ணெய்க் கையோடு எந்திரவியலைத் தானே கற்றவர். அதற்கு முன் லாரியில் குளிர் இயந்திரம் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் தோற்ற இடம் ஒன்றுதான்: சாலைக் குலுக்கலில் குழாயும் இணைப்பும் கழன்றுவிடும். ஜோன்ஸ் அந்த லாரிக்குள் ஏறி அளந்து பார்த்துவிட்டு, முடியும் என்றார். வண்டிக்கு அடியில் அவர் பொருத்திய முதல் இயந்திரம் மிகக் கனமாக இருந்தது. சாலையின் அழுக்கும் அதில் அப்பிக்கொண்டது. அதை இளைக்க வைத்து, சரக்குப் பெட்டியின் நெற்றிக்கு ஏற்றினார். அது தாங்கியது. தெர்மோ கிங் என்ற பெயரில் அந்த இயந்திரம் உலகச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ரத்தமும் மருந்தும் அதில் பயணித்தன. ஜோன்ஸ் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1991-ல், அமெரிக்க அரசு தன் உயரிய தொழில்நுட்பப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. இப்படியாக, லாரியில் குளிர்ச்சி முதலில் ஏறியது பின்பக்கம். ஒரு தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகள் குளிரில் கிடந்தன. இந்தப் பக்கம் டிரைவர் வியர்வையில் நனைந்தபடி ஓட்டினார். அந்தச் சுவரைக் குளிர் தாண்டுவதற்குள் கார்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடலைக் காட்டியது. கூடுதலாக 274 டாலர் கொடுத்தால் காருக்குள் குளிர்காற்று. கூலிங் காயிலும் ப்ளோயரும் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். குளிர் போதும் என்றால் கம்ப்ரஸரை நிறுத்த வழியே இல்லை! எஞ்சினை அணைத்து, இறங்கி, முன் மூடியைத் தூக்கி, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். கம்ப்ரஸரையும் எஞ்சினையும் வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது பிரிக்கும் கிளட்ச் அதில் இல்லை. 1941-க்குப் பிறகு பேக்கார்ட் அதைக் கைவிட்டது, போரும் வந்தது. கார் ஏசி செத்துவிட்டது என்றே தொழிலில் பலர் முடிவு கட்டினார்கள்.

அது பிழைத்து இன்றைய வடிவம் பெற்றதில் ஒரு முதலாளியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு. நாஷ் கார் கம்பெனியின் சார்லஸ் நாஷ், தனக்குப் பின் கம்பெனியை நடத்த ஜார்ஜ் மேசன்தான் வேண்டும் என்றார். மேசனோ கெல்வினேட்டர் ஃபிரிட்ஜ் கம்பெனியின் தலைவர். அதை விட்டு வர மாட்டேன் என்றார். வேறு வழியின்றி 1937-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. காரும் ஃபிரிட்ஜும் ஒரே கூரைக்குக் கீழ் வந்ததன் பலன் 1954-ல் தெரிந்தது. நாஷ் அம்பாஸடர் காரில் ஏசி முழுவதும் முன்பக்கத்திலேயே, மூடிக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் அடங்கிவிட்டது. விலை 345 டாலர். இன்றைய கார்களின் ஏசி இருக்கும் இடம் அன்று முடிவானதுதான். பிறகு ஆண்டுக்கு ஆண்டு லட்சக்கணக்கான கார்களில் அது ஏறியது. ஒவ்வொன்றிலும் மிட்ஜ்லியின் வாயு நிரம்பியிருந்தது, ஒவ்வொன்றிலிருந்தும் கசிந்துகொண்டிருந்தது.

கசிவுக்குக் காரணம் காரின் பிறவியிலேயே இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டவை. காரிலோ எஞ்சினின் பெல்ட் வெளியிலிருந்து கம்ப்ரஸரைச் சுழற்ற வேண்டும். சுழலும் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சீல்தான் காவல். எஞ்சின் ஆடும், குழாய் ரப்பராக இருக்கும். ‘கேஸ் கம்மியா இருக்கு’ என்று மெக்கானிக் சொல்வது இன்றும் நிற்காததற்கு இதுவே காரணம். 1965-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர், செகந்திராபாத்தில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்ப்பெட்டிகளிலிருந்து இந்த வாயு ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. அதை விட்டுவிட்டுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் படிக்கப் போய்விட்டார்.

மதுரையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன் என்ற அந்த இளைஞர், அமெரிக்காவில் வெள்ளி, செவ்வாய்க் கோள்களின் காற்றுமண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள், ஃப்ரியான் வகை வாயுக்கள் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எழுதினார்கள். ராமநாதனுக்கு செகந்திராபாத் ஞாபகம் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தான் கைகழுவி வந்த அதே வாயு! அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: அது பூமியின் வெப்பத்தையும் பிடித்துவைக்குமா? 1975-ல் ‘சயன்ஸ்’ இதழில் விடை வந்தது. அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் பத்தாயிரம் மூலக்கூறுகள் செய்யும் வேலையைச் செய்கிறது. காரைக் குளிர்வித்தது உலகைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. உலகம் சூடானால் காருக்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். இந்தச் சுழலை வெட்ட ஒரு சர்வதேச ஒப்பந்தம் தேவைப்பட்டது.

1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1990-களில் உலகக் கார்கள் ஆர்-134ஏ என்ற மாற்று வாயுவுக்கு மாறின. ஓசோன் தப்பியது, ஆனால் இந்தப் புது வாயுவும் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல் வெப்பம் பிடிப்பது. அதையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் இன்னோர் உடன்பாடு வேண்டியிருந்தது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில், இந்தியச் சாலையில் ஏசி என்பது கண்ணாடியை இறக்கிவிடுவதுதான். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு ஏசி மாடலும் கிடைத்தது. 796 சிசி எஞ்சின்; குதிரைத்திறன் நாற்பதைத் தொடாது. அதில் கணிசமானதைக் கம்ப்ரஸர் தின்றுவிடும். மேட்டில் ஏறும்போதும், பஸ்ஸை முந்தும்போதும் ஏசி சுவிட்சை அணைத்துவிட்டு மிதிப்பதை ஒரு தலைமுறையே பழகிக்கொண்டது. அந்தப் பழக்கத்தை மாற்றப்போகிற ஊர், ராமானுஜர் பிறந்த தலம்.

1996-ல் கொரியாவின் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்ட வந்தது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 999 சிசி எஞ்சின், 55 குதிரைத்திறன். ஏசி ஓடினாலும் மூச்சு வாங்காத சின்ன கார். ஏரிகளும் வயலும் இருந்த அந்த வட்டாரத்தில் கண்ணாடி, கதவு, டயர், ஏசி என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கொட்டகை முளைத்தது. சிப்காட் தொழிற்பேட்டை ஒரகடம் வரை நீண்டது. 2010-ல் ரெனோ-நிசான் அங்கே ஆலை திறந்தது. 2015-ல் அந்த ஆலையில் பிறந்த க்விட் காரின் மிக மலிவான மாடலில் ஏசி இருக்கவில்லை. காசு கூடக் கொடுத்தால் கிடைக்கும் சுகம் என்றே அது அப்போதும் எண்ணப்பட்டது. ஆனால் சென்னை வெயில் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டிருந்தது.

2003 மே 31. கத்திரி முடிந்துவிட்டது என்று ஊர் மூச்சுவிட்ட வேளை. நுங்கம்பாக்கத்தில் வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பக்கத்து ஆந்திராவில் அந்தக் கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தில் இறந்தார்கள். 2016-ல் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. இந்த வெயிலில் வாகன ஏசி எவ்வளவு குளிர வேண்டும் என்ற கேள்வி, சுகத்திலிருந்து உயிருக்கு நகர்ந்தது. விடை சொல்ல வேண்டியவர்கள் ஒரு மூடிய அறைக்குள் செயற்கை வெயிலைக் கொளுத்தினார்கள்.

உலகெங்கும் கார், லாரி கம்பெனிகள் இந்தச் சோதனையை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் செய்கின்றன. வண்டியை ஓர் அறைக்குள் உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். வெளியே மார்கழிக் குளிராக இருந்தாலும் உள்ளே 43, 45 டிகிரி. கூரையிலிருந்து விளக்குகள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் வீதம் உச்சி வெயிலைப் பொழியும். கதவைச் சாத்தி வண்டியை வேகவிடுவார்கள். டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். பிறகு எஞ்சினைக் கிளப்பி, ஏசியை முழு வேகத்தில் வைத்து, உட்காருபவரின் தலை இருக்கும் இடத்திலும் கால் இருக்கும் இடத்திலும் உணர்கருவிகள் நிமிடத்துக்கு நிமிடம் எண்களைக் குறிக்கும். ஓட்டத்தில் எல்லா ஏசியும் நன்றாகவே மதிப்பெண் வாங்கும். உண்மையான பரீட்சை அதற்குப் பின்னால், வண்டியை நிறுத்தி எஞ்சினை ஐடிலில் விடும்போது தொடங்கும்.

நடப்பது இதுதான். வெளியே 45 டிகிரி என்றால், உள்ளிருந்து அள்ளிய வெப்பத்தை வெளியே கொட்ட, கன்டென்சரில் வாயு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சூட்டிலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் வெப்பம் பாயும். 60 டிகிரியில் ஆர்-134ஏ வாயுவின் அழுத்தம் சுமார் 17 பார். கார் டயரில் அடைத்த காற்றைவிடப் பல மடங்கு. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கன்டென்சரைக் குளிர்விக்கும். சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது எதிர்க்காற்று இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் கம்ப்ரஸரும் மெதுவாகிறது. முன்னால் நிற்கும் வண்டியின் சூடு வேறு. அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்புச் சுவிட்ச் கம்ப்ரஸரையே அணைத்துவிடும். மறுமுனையில் இன்னோர் எல்லை: கூலிங் காயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அதில் வடியும் தண்ணீர் உறைந்து காற்றின் வழியை அடைத்துவிடும். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவேதான் எந்த ஏசியும் வேலை செய்தாக வேண்டும். சென்னைக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு.

அது கேரியர் 1902-ல் சந்தித்த அதே தொல்லை, ஈரம். கடலோரப் புழுக்கத்தில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து வடித்தெடுக்க மட்டும் 700 வாட்டுக்கு அருகே குளிர்த்திறன் செலவாகிறது. காற்றின் வெப்பநிலை அதனால் ஒரு டிகிரிகூடக் குறையாது. நிற்கும் வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அந்தச் செலவின் கணக்கு. பலோடியின் காய்ந்த 45 டிகிரியில் தேறும் ஏசி, சென்னையின் ஈரமான 38 டிகிரியில் திணறலாம். ஆகவே ‘எத்தனை டிகிரி குளிரும்’ என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த வெயிலில், எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு நேரத்தில், நின்றபடியா ஓடியபடியா என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமை. இந்த நான்கையும் ஒருசேர அனுபவித்தவர்களை யாரும் கேட்டதில்லை. அவர்கள் தலையில் ஹெல்மெட்டோடு இதே சாலைகளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்திய லாரி ஆலைகள் நெடுங்காலம் பெரும்பாலும் முழு லாரியை விற்கவில்லை. எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், முன் தகரம் மட்டும் உள்ள சேசிஸை விற்றன. கூரையும் கதவும் இல்லாத அந்த எலும்புக்கூட்டை, தலையில் ஹெல்மெட்டும் முகத்தில் துண்டுமாக டிரைவர்கள் நாமக்கல்லுக்கும் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் ஓட்டிப் போனார்கள். அங்கே பாடி கட்டும் பட்டறைகளில் மரச் சட்டமும் தகரமும் அடித்துக் கேபின் எழுந்தது. அழகான வேலைப்பாடு, ஆனால் பெடல் சந்திலும் கதவு இடுக்கிலும் காற்று புகும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே எஞ்சினின் போனட் சூடாக உட்கார்ந்திருக்கும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில் ஒரு கால். அந்தக் கேபினில் ஏசி வைத்தால் குளிர் நிற்காது என்று சொன்னவர்கள் உண்டு. டீசல் தின்னும் என்றவர்கள் உண்டு. ஏசி போட்டால் டிரைவர் தூங்கிவிடுவான் என்று தொழிலில் வெகுநாள் புழங்கிய பேச்சும் உண்டு. வெப்பத்தில் தளர்ந்த உடம்பும் சோர்ந்த கண்ணும்தான் விபத்துக்கு நெருங்கிய சொந்தம். கோழிக்கு 1938-ல் கிடைத்ததை மனிதனுக்கு மறுக்க இந்தச் சமாதானங்கள் போதாது. இருந்தும் அவை பல பத்தாண்டுகள் செல்லுபடியாயின. அவற்றை அசைக்கும் ஒரு முயற்சி ஒரகடத்தில் பாதியிலேயே ஒடியப் பார்த்தது.

2008-ல் ஜெர்மனியின் டெய்ம்லரும் இந்தியாவின் ஹீரோ குழுமமும் சேர்ந்து லாரி செய்யக் கைகோத்தன. ஒரகடத்தில் 400 ஏக்கர் நிலம். உலகப் பொருளாதாரம் சரிந்தது. 2009-ல் ஹீரோ விலகிக்கொண்டது. வெற்று நிலமும் பாதி வரைபடமும் மிஞ்சின. டெய்ம்லர் தனியாகத் தொடர்ந்தது. இந்தியச் சாலைகளின் குண்டும் குழியும் அப்படியே அமைந்த சோதனைப் பாதையை ஆலைக்குள்ளேயே போட்டது. 2012 ஏப்ரல் 18 அன்று ஆலை திறந்தது. பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. ஆலையிலேயே செய்து மூடிய கேபின். இடுக்குகள் அடைபட்டதும் குளிர் தங்க இடம் கிடைத்தது. ஏசி பொருத்திய கேபின்களும் வந்தன. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை லாரி முதலாளிக்கு. அதில் உட்காருபவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதே இல்லை. விருப்பத்துக்கு விட்டால் நடக்காது என்று ஆனது.

2023 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, லாரிக் கேபினில் ஏசியைக் கட்டாயமாக்கும் கோப்பில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். 43 முதல் 47 டிகிரியில் டிரைவர்கள் ஓட்டுவதைக் குறிப்பிட்ட அவர், செலவு கூடும் என்று சிலர் முன்பு எதிர்த்ததையும் சொன்னார். ஜூலையில் வந்த வரைவு, 2025 ஜனவரி 1 முதல் என்றது. டிசம்பரில் வந்த இறுதி அறிவிப்பு அதை 2025 அக்டோபர் 1-க்குத் தள்ளிப்போட்டது. நாட்காட்டியில் ஒன்பது மாதம். சாலையில் அது இன்னும் ஒரு முழுக் கத்திரி.

அந்தக் கத்திரியும் கழிந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு சரக்கு லாரியின் கேபினிலும் ஏசி இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பொருத்தியிருந்தால் மட்டும் போதாது. கேபினை ஐஎஸ் 14618 : 2022 என்ற இந்தியத் தரநிலைப்படி சோதிக்க வேண்டும். சேசிஸாக விற்கும் ஆலைகளும் ஒப்புதல் பெற்ற ஏசி சாதனங்களைப் பாடி கட்டுபவரிடம் சேர்க்க வேண்டும். நாமக்கல் பட்டறையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த வரியை எழுதியவரைப் பாராட்ட வேண்டும். பாஸ்டன் ஏரியில் வெட்டிய பாளத்தில் தொடங்கி, தாளையும் துரையையும் கோழியையும் முதலாளியையும் குளிர்வித்த பின், லாரி டேஷ்போர்டில் பனிப்பூப் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தானாக அது டிரைவரின் விரலுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துசேர்ந்தது.

பொத்தான் வந்த பிறகும் சில வேலைகள் மிச்சமிருக்கின்றன. பேக்கார்ட் காரில் எஞ்சினை அணைக்காமல் ஏசியை நிறுத்த முடியவில்லை. இன்றைய லாரியில் சிக்கல் தலைகீழ். எஞ்சினை அணைத்தால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் குளிர் நிற்கும். ஆலை வாசலில் லோடு இறக்கக் காத்திருக்கும் பகலிலும், சாலையோரம் கேபினிலேயே படுக்கும் இரவிலும் டிரைவர் பழைய வெக்கைக்கே திரும்புகிறார். அதற்குப் பேட்டரியில் தனியாக ஓடும் ஏசி உலகில் விற்பனையில் இருக்கிறது. இந்தச் சட்டம் அதைக் கேட்கவில்லை. 2025 அக்டோபருக்கு முன் தயாரான லாரிகளையும் அது தொடவில்லை. ‘குட்டி யானை’ என்று ஊர் அழைக்கும் சிறு வண்டி முதலான 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளும் அதில் சேரவில்லை. ஒரகடத்துச் சந்திப்பில் மதியம் இரண்டு மணிக்கு ஆலைகளுக்கு உதிரிபாகம் ஏற்றிவந்து நிற்பவற்றில் அவையும் ஏராளம். அடுத்த அறிவிப்பு அவற்றை ஓட்டுபவர்களுக்கானதாக இருக்க வேண்டும்; அதற்கு இன்னொரு எண்பது ஆண்டு ஆகக் கூடாது.